மொட்டை மாடியில் முப்பத்திரெண்டு நாக்கு

நீங்க எதைக் கேக்க வந்து உக்காந்துருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா. மங்கை கதைன்னதும், செத்த புள்ள பேயா வந்து நிக்கும், தொட்டி தானா ஆடும், மாமியா மேல ஏறி உக்காந்துக்கிரும், கடைசியில ஒரு கோடாங்கி வந்து உடுக்கையை அடிச்சு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிருவான்னு நெனச்சு வந்துருப்பீங்க. அந்தா, பின்னாடி ஒரு தாயி கண்ணைத் துடைக்க இப்பவே முந்தானையைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கு. உள்ள சொருகும்மா, அதுக்கு வேலை இல்லை. கண்ணாடி போட்ட அந்தத் தம்பி, செல்போனுல வைத்தியம் பாத்தா மனசு தேறுமான்னு கேக்க வந்துருப்பாரு. அவருக்கு நான் ஒரு பதில் வச்சுருக்கேன், ஆனா அது அவரு கேக்குற கேள்விக்கு இல்லை. நான் சொல்லப்போறது நாக்கைப் பத்தி. இருங்க, ஒரு வெத்தலை போட்டுக்கிறேன். வாயில வெத்தலை இல்லாம மயிலு பேச மாட்டா, இது எங்க குடியிருப்புல பச்சப்புள்ளைக்கும் தெரியும்.

எங்க செவ்வந்தி குடியிருப்பு மதுரையில வண்டியூர்க் கம்மாயைத் தாண்டி இருக்கு. மூணு மாடி, இருபத்திநாலு வீடு, ஒரு லிப்ட்டு, அது ஓடாது. மொட்டை மாடியில வீட்டுக்கு ஒண்ணா இருபத்திநாலு கொடிக்கம்பி கட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் வீட்டு நம்பரைப் பெயிண்ட்டுல எழுதி, 'அவரவர் கொடியில் அவரவர் துணி, அடுத்தவர் துணியைத் தொடுதல் கூடாது'ன்னு போர்டு மாட்டி வச்சுருக்கு. அதை மாட்டுனது சங்கச் செயலாளர் கெங்காதரன் சாரு. முன்ன ஒரு தரம் ஒரு உள்பாவாடை கொடி மாறிப் போயி, அதுக்காக ரெண்டு குடும்பம் மூணு மாசம் பேசாம இருந்துச்சு, அதுலேர்ந்து வந்த சட்டம் இது. ஒருத்தரும் மீற மாட்டோம். இந்தச் சட்டத்தை மனசுல வச்சுக்கங்க, கதைக்கு வேணும்.

பதினாலாம் நம்பர் வீட்டுக்காரிதான் மங்கையர்க்கரசி, நாங்க மங்கைம்போம். அவ வீட்டுக்காரரு சொக்கலிங்கம் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர். வாயில விசில் இல்லாட்டியும் விசில் இருக்குற மாதிரியே பேசுவாரு, குழம்புல உப்பில்லைன்னு சொன்னாக்கூட, வரிசையில நில்லுன்னு சொல்ற மாதிரி இருக்கும். மாமியா பாக்கியத்தம்மா, ரொம்ப நல்ல மனுஷி, அதை அவுகளே சொல்வாக.

கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சு மங்கைக்கு ஒரு புள்ள தங்குச்சு. அவ அப்பா கட்டியிருந்த மல்லு வேட்டி ஒண்ணை வாங்கி, துவைச்சுத் துவைச்சுப் பஞ்சாக்கி, புள்ளைக்குத் தொட்டி கட்டன்னு மடிச்சு வச்சா. பத்து மாசமும் சொமந்தா, போன பங்குனியில பெத்தா, பொறந்த புள்ளைக்கு மூச்சு இல்லை. பொட்டப்புள்ள, தலை நெறைய முடி, நான் பாத்தேன். ஆசுபத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வந்தவ, தொட்டி வேட்டியை பெட்டியில அடியில வச்சுப் பூட்டுனா.

அப்புறம் ஆறுதல் சொல்ல ஆளுக வந்தாக. ஆறுதல்னா எங்க ஊர்ல எப்படின்னு உங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு ஒருத்தர் வந்து, ஒரு காபி குடிச்சு, ஒரு வார்த்தையை அங்க விட்டுட்டுப் போவாக. பாக்கியத்தம்மா மருமக தலையைத் தடவிக்கிட்டே, "விடு, போனது பொட்டப்புள்ளதானே"ன்னாக, அம்புட்டுப் பாசமா. ஒருத்தி, நீ கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியே, நான் பாத்தேனேன்னா. இன்னொருத்தி, எங்க மகளுக்கு நீ கண்ணு வச்சுராதன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. சொக்கலிங்கம் ஒருநா, சோத்துத் தட்டு முன்னாடி அவ அழுதப்போ எந்திரிச்சுப் போயி, "அழுது முடிச்சதும் ஒரு சத்தம் குடு, சாப்பிட வர்றேன்"னாரு. கெங்காதரன் சாரு வாயால எதுவும் சொல்லலை, அவரு எழுத்துக்காரரு, நோட்டீஸ் போர்டுல ஒரு காயிதம் ஒட்டுனாரு: 'இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி, டிரில்லிங், அழுகை ஆகிய ஓசைகள் தவிர்க்கப்பட வேண்டும்.' ஒட்டுனதோட விடாம, படியில ஏறுற இறங்குற எல்லாருக்கும் அதைச் சத்தமா வேற வாசிச்சுக் காட்டுனாரு.

அன்னையிலேர்ந்து மங்கை பேச்சை நிறுத்திட்டா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சாலும் பாத்துக்கிட்டே நிப்பா. குளிக்கப் போனா வாளி நெறஞ்சு வழிஞ்சு ஓடுற சத்தம்தான் கேக்கும். வெறுங்கையை மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு, ஆட்டிக்கிட்டே படி ஏறுவா, இறங்குவா, அவளுக்கே அது தெரியாது.

தோகாவுல இருக்குற அவ தங்கச்சி கோதைதான், அக்கா இப்படியே இருந்தா கையை விட்டுப் போயிருவான்னு பயந்து, செல்போன் வழியா நடக்குற ஒரு வகுப்புல சேத்து விட்டா. செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணி. நடத்துறது தர்ஷினின்னு ஒரு யாழ்ப்பாணத்துப் பொண்ணு, இருக்குறது லண்டனு. கொழும்புல ஒரு தையக்காரம்மா, ஈப்போவுல ஒரு நர்ஸு, பாலக்காட்டுல ஒரு வாத்திச்சி, துபாயில வீட்டு வேலை பாக்குற ஒருத்தி, அப்புறம் ஒரு வங்காளத்துப் பொண்ணு, அதுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனா அது ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுனா மத்த அஞ்சு பேரும் கம்முனு ஆயிருவாக. பேசிக்கிட்டே இருக்குற வைத்தியம் இல்லை இது. ஒரு வாரம் கையை மட்டும் ஆட்டச் சொல்லுவாக, ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு முனகச் சொல்லுவாக, ஒரு வாரம் களிமண்ணைப் பிசையச் சொல்லுவாக, களிமண்ணுக்கு மங்கை எங்க போவா, சப்பாத்தி மாவைப் பிசைஞ்சா. வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காதுன்னு மொட்டை மாடி தண்ணித்தொட்டி நெழல்ல உக்காந்துக்குவா. தன் மூஞ்சியையும் காட்ட மாட்டா, மைக்கையும் அணைச்சு வச்சுருவா, அங்கிட்டு இருக்குறவுகளுக்கு அவ ஒரு கறுப்புக் கட்டம்தான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நான் ஒட்டுக் கேக்கலை, வத்தல் காயப் போட்டேன். ஒம்பது செவ்வாக்கிழமை வத்தல் காயப் போட்டேன்.

ஒம்பதாவது செவ்வாக்கிழமை, ஆடி பொறந்து நாலு நாளு, தர்ஷினி சொன்னதை அந்த ஏத்த இறக்கத்தோடயே சொல்றேன் கேளுங்க. "உங்களுக்கு ஆர் என்ன சொன்னவை எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லு உங்கட உடம்புக்குள்ள எந்த இடத்தில இருக்குது, அதுக்கு என்ன நிறம், என்ன உருவம், அதை மட்டும் கீறுங்கோ. சித்திரம் வடிவா வரவேணும் எண்டில்லை. கையில என்ன இருக்குதோ அதால கீறுங்கோ." வரையுறதைத்தான் அவுக ஊர்ல கீறுறதும்பாக.

மங்கை கீழ போயி, பெட்டியைத் தொறந்து, அந்தத் தொட்டி வேட்டியை எடுத்துக்கிட்டு வந்தா. வீட்டுல பெயிண்ட்டு ஏது. துணிக்குப் போடுற சொட்டு நீலத்தையும் குங்குமத்தையும் கொட்டாங்கச்சியில ஊத்திக் குழப்புனா, நல்ல ஊதாக் கலரு வந்துச்சு, நாவப்பழத்தைக் கடிச்சுத் துப்புனா வருமே, அந்தக் கலரு. தென்னங்குச்சியைத் தட்டித் தூரிகையாக்கி, வேட்டியை வெயில்ல விரிச்சு, நாக்கு வரைஞ்சா. நாக்குன்னா வெறும் நாக்கு, மூஞ்சி இல்லை, வாய் இல்லை. நீட்டு நாக்கு, தட்டை நாக்கு, நடுவுல கோடு விழுந்த நாக்கு, ஒண்ணொண்ணையும் அவ எங்கயோ பாத்து வச்ச மாதிரி நிதானமா வரைஞ்சா. முப்பது நாக்கு பேசுற நாக்கு. ரெண்டு மட்டும் நுனி மடங்கி, சிரிக்கிறப்போ நாக்கு எப்படி மடங்கும், அப்படி இருந்துச்சு. மொத்தம் முப்பத்திரெண்டு. வரைஞ்சு முடிச்சுட்டு, மொத மொதலா போன்ல மூஞ்சியைக் காட்டி, துணியைத் தூக்கிக் காட்டுனா. அங்கிட்டு யாரும் நல்லாருக்குன்னும் சொல்லலை, நல்லால்லைன்னும் சொல்லலை. அந்த வங்காளத்துப் பொண்ணு மட்டும் மெதுவா தன் கையைத் தன் வாய் மேல வச்சுக்கிருச்சு. மங்கை துணியைப் பதினாலாம் நம்பர் கொடியில காயப் போட்டு, நாலு கிளிப்பு மாட்டிட்டு, கீழ போயி, நாலு மாசத்துல மொதத் தடவையா நல்லாத் தூங்குனா.

மறுநா காலையில குடியிருப்புல முப்பது பேருக்கு நாக்கு ஊதாவா இருந்துச்சு.

பல்லு விளக்கப் போனவுகதான் மொதல்ல பாத்தாக. பாக்கியத்தம்மா கண்ணாடியில பாத்துட்டு, கண்ணாடி அழுக்குன்னு அதைத் துடைச்சாக. சொக்கலிங்கம் உப்புப் போட்டு வழிச்சாரு, சாம்பல் போட்டு வழிச்சாரு, பாத்திரம் தேய்க்கிற நாரு வரைக்கும் போனாரு, நாக்கு வீங்குச்சே தவிர கலரு மாறலை. முதல்ல எல்லாரும் பேஸ்ட்டைச் சொன்னாக. ஆளுக்கு ஒரு பேஸ்ட்டு போடுறப்போ அது எப்படின்னு, மோட்டாரு தண்ணியைச் சொன்னாக. தண்ணித்தொட்டியில ஆளை இறக்கிக் கழுவுனாக. கெங்காதரன் சாரு ஒரு டாக்டரு கிட்டப் போனாரு, அவரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு, எல்லாரும் சாப்பிட்டாக, எல்லாருக்கும் நல்லாப் பசிச்சுச்சு. அப்புறம்தான் யாரோ மாடிக்குப் போயி துணியைப் பாத்தாக. பாத்தவுக பேசாம இறங்கி வந்தாக. அடுத்தவுக ஏறிப் பாத்துட்டு அவுகளும் பேசாம இறங்கி வந்தாக. ஒவ்வொருத்தரும் தன் நாக்கு எதுன்னு பாத்ததும் கண்டுக்கிட்டாக. பாஸ்போர்ட் போட்டோவுல தன் மூஞ்சியைத் தெரிஞ்சுக்கிறதுக்கு நேரமாகும், நாக்குல ஆகலை.

இப்ப என்ன பண்றது. அது ஏன்னு சொன்னா, நான் என்ன சொன்னேன்னும் சொல்லணுமே. படிக்கட்டுல ரெண்டு நா ஒரு பேச்சுமூச்சு இல்லை. மூணாம் நாளு காலையில, மூணாவது மாடி சரோசா, வாயைத் தொறந்தா ஊதாவாத் தெரியுதேன்னு கேட்ட கேபிள் காரன் கிட்ட, "நாவப்பழம் தின்னேன்"னா. அவ்வளவுதான். அம்புட்டுப் பேருக்கும் உசுரு வந்துருச்சு. ஆமா, நாவப்பழம். ஆடி மாசம், நாவப்பழ சீசன், அதுல என்ன அதிசயம். நானுந்தான் தின்னேன், எங்க வீட்டுலயும்தான், நேத்துக்கூட அரைப்படி வாங்குனோம். ஒரு வாரத்துல அந்தப் பழம் எங்க குடியிருப்புல நெசமாவே இருந்துச்சு. மேல் வீட்டுக்காரி கீழ் வீட்டுக்காரிகிட்ட, இந்த வருஷம் பழம் கொஞ்சம் தொவர்ப்புதான்ம்பா. கீழ் வீட்டுக்காரி, எங்களது இனிப்பு, உப்புல போட்டுக் குலுக்குனோம்ல அதான்ம்பா. சக்கரை வியாதிக்காரரு ஒருத்தரு, கொட்டையைக் காய வச்சுப் பொடி பண்ணிச் சாப்பிட்டதுல சக்கரை இறங்கிருச்சுன்னு ரத்த டெஸ்ட்டுச் சீட்டைக் காமிச்சாரு, நெசமாவே இறங்கியிருந்துச்சு. பதினேழாம் நம்பர்ல பொண்ணு பாக்க வந்தாக, பொண்ணுக்கு அம்மா அப்பா அத்தை மூணு பேருக்கும் நாக்கு ஊதா, மாப்ள வீட்டுல கேட்டதுக்கு, எங்க பக்கம் வீட்டுக்கு வீடு நாவப்பழம்னாக, சம்பந்தம் முடிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துல புள்ளைக பின்னாடி நின்னு சொக்கலிங்கத்தை நாவல் மாஸ்டர்னு கூப்பிட்டுச்சுக. கெங்காதரன் சாரு மைக்குல பேசுறப்போ உதட்டைத் தொறக்காமப் பேசப் பழகிக்கிட்டாரு, ஒண்ணும் புரியாது, முன்னயும் புரியாது.

அதுக்குன்னு துணியை விட்டுருவாகளா. ஒருநா மத்தியானம் சொக்கலிங்கம் மாடிக்குப் போயி, தன் வீட்டுக் கொடிதானே, சட்டப்படி தப்பில்லை, பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு வேட்டியை முக்கி ஒரு கசக்குக் கசக்குனாரு. சாயம் ஒரு பொட்டுக் கரையலை. ஆனா அதே நேரத்துல, வீட்டுல, கடையில, பஸ்ஸுல, எங்க எங்க இருந்தாகளோ அங்கங்க முப்பது பேரும் பிளீச்சிங் பவுடரைத் துப்புனாக. நான் வெத்தலையைத்தான் துப்புனேன். அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, கொளுத்த முடியாது, கத்திரியால வெட்ட முடியாது, யாரும் தொட முடியாது. துவைச்சா வரைஞ்சவதான் துவைக்கணும்.

பாக்கியத்தம்மா மருமககிட்ட நயமாக் கேட்டாக, துணி அழுக்காருக்கு, ஒரு அலசு அலசுனா என்னன்னு. அப்பத்தான் மங்கை வாயைத் தொறந்து, நாலு மாசத்துல மொத வார்த்தை, "அலசலாம் அத்தை. யாரு நாக்கு போகணுமோ அவுக செவ்வாக்கிழமை மூணு மணிக்கு மாடிக்கு வரட்டும். எங்கிட்ட என்ன சொன்னாகளோ, அதே வார்த்தையை, எங்க வகுப்புக்காரவுக கேக்கத் திருப்பிச் சொல்லட்டும். சொல்லி முடிச்சதும் அந்த ஒரு நாக்கை நானே துவைச்சு விடுறேன்"னா. கோவமாச் சொல்லலை, ரேசன் கடையில எந்த வாரம் என்ன போடுறாகன்னு சொல்ற மாதிரி சொன்னா. "பாய் விரிச்சு வைக்கிறேன்"னும் சொன்னா.

செய்தி ஒரு மணி நேரத்துல இருபத்திநாலு வீட்டுக்கும் போயிருச்சு. செவ்வாக்கிழமை பாய் விரிச்சு வச்சுருந்தா, சொம்புல தண்ணியும் வச்சுருந்தா. படிக்கட்டுல காலடிச் சத்தம் கேக்கும், ரெண்டாவது மாடி வரைக்கும் வரும், நிக்கும், திரும்பும். சொக்கலிங்கம் மாடிக் கதவு வரைக்கும் வந்தாரு, நான் வத்தலைக் கிளறிக்கிட்டே பாத்தேன், கையை நிலையில வச்சுக்கிட்டு நின்னாரு, அப்புறம் இறங்கிப் போயிட்டாரு. பொட்டப்புள்ளதானேன்னு ஒரு தடவை சொல்றது ரொம்பச் சுலபம் பாத்துக்கங்க, அதையே வெளியூருப் பொம்பளைக ஆறு பேரு பாத்துக்கிட்டு இருக்கப் பாயில சம்மணம் போட்டு உக்காந்து ரெண்டாவது தடவை சொல்றதுக்கு யாருக்கும் நாக்கு எழும்பலை. மூணு செவ்வாக்கிழமை போச்சு. ஒருத்தரும் வரலை. ஆனா மங்கை சாப்பிட்டா, தலைக்கு எண்ணெய் வச்சா, ஒருநா தானாவே ஏதோ பாட்டை முனகிக்கிட்டு இறங்கி வந்தா. அதுதான் எங்க ஆளுகளுக்குத் தாங்கலை.

கெங்காதரன் சாரு சங்கக் கூட்டம் போட்டாரு. எப்பவும் ஞாயித்துக்கிழமை காலையில போடுறவரு, இந்தத் தடவை செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணின்னு போட்டாரு, எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். கீழ வண்டி நிறுத்துற எடத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உக்காந்தாக. மங்கையும் வந்தா, மடிச்ச வேட்டியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு. ஒரு நாற்காலியில அவ உக்காந்து, பக்கத்து நாற்காலியில போனைத் தண்ணிச் சொம்புல சாய்ச்சு நிக்க வச்சா, அதுல ஆறு மூஞ்சி. இவ மைக்கு அன்னிக்குத் தொறந்துருந்துச்சு. தர்ஷினி குரல், "மங்கை, எங்களுக்கு எல்லாம் கேக்குது"ன்னுச்சு.

சாரு எழுதி வச்சுருந்த காயிதத்தை வாசிச்சாரு. மேற்படி குடியிருப்புவாசிகளின் நாக்கு நிறம், நாவல்பழம் உண்டதால் மட்டுமே ஏற்பட்டது. மேற்படி பெண்மணி அதனைத் தமது துணியோடு தொடர்புபடுத்திப் பேசுவதால் அவரது சித்தம் சரியில்லை எனத் தெரிகிறது. எனவே அவர் மேற்படி துணியைத் தமது கையாலேயே துவைத்துவிட வேண்டும், செல்போன் வகுப்பை நிறுத்திவிட வேண்டும். தவறினால் அனைவரது கையெழுத்தோடு தேனியில் உள்ள அவரது சகோதரருக்குக் கடிதம் அனுப்பி, குணமாகும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லப்படும். வாசிச்சு முடிச்சுட்டு, கீழ சொக்கலிங்கம் கையெழுத்து மொதலாவதாப் போட்டுருக்குன்னும் காட்டுனாரு. அதைப் பாத்ததும் மங்கை மூஞ்சி ஒரு நிமிஷம் பழைய மாதிரி ஆச்சு, பால் பொங்குறதைப் பாத்துக்கிட்டு நிப்பாளே, அந்த மாதிரி. போயிட்டா, அம்புட்டுத்தான், இனி துவைச்சுருவான்னு நான் நெனச்சேன். கை தானா மடங்கி நெஞ்சுகிட்டப் போச்சு. ஆனா இந்தத் தடவை கையில வேட்டி இருந்துச்சு.

அவ கேட்டா, "நாக்கு ஊதாவானது பழத்தாலன்னா, நான் துணியைத் துவைச்சா என்ன, துவைக்காட்டி என்ன சார்?"

சாரு, அது வேற இது வேறன்னாரு. எது வேறன்னா. நடைமுறை வேறன்னாரு. பின்னாலேர்ந்து சரோசா, நாங்க பழம் தின்னா உனக்கு என்னடின்னா. ஆமா, நாங்க தினம் திங்கிறோம்னு பதினேழாம் நம்பர் சொன்னுச்சு. கூட்டம் மொத்தமும் பேச ஆரம்பிச்சுருச்சு, அம்புட்டு வாயும் தொறந்து, அம்புட்டு நாக்கும் ஊதாவா, எங்க பாத்தாலும் பழத்தோட ருசி, கொட்டை, கறை, உப்பு.

மங்கை எல்லாம் அடங்குற வரைக்கும் இருந்தா. அப்புறம், "யாருகிட்ட வாங்குனீங்க"ன்னு கேட்டா, விலை சல்லிசுன்னா நானும் வாங்குவேனேன்னு கேக்குற மாதிரி.

இதுல மட்டும் எங்களுக்குள்ள வேத்துமை இல்லை. அழகம்மாகிட்டன்னு மொத்தமும் ஒரே குரல்ல சொன்னுச்சு. அழகர்மலை அடிவாரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து எங்க தெருவுல பழம் விக்கிறவ அவ ஒருத்திதான், சித்திரைன்னா மாங்கா, ஆடின்னா நாவப்பழம், மத்த நாளுக்குக் கொய்யா. வேற யாரைச் சொல்றது. அந்த நேரம் பாத்து அழகம்மா எங்க கேட்டு வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தா, தலையில கொய்யாக்கூடை, இறக்கி விட ஒரு கை வேணும், எல்லாரும் கூட்டத்துல இருக்கவும் கூப்பிடச் சங்கடப்பட்டுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு இருந்தா.

மங்கை வேட்டியை நாற்காலியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயி கூடைக்குக் கை குடுத்து இறக்கி விட்டா. ஒரு வார்த்தை கேக்கலை. அழகம்மா சும்மாட்டை அவுத்து நெத்தியைத் துடைச்சுக்கிட்டே, என்னங்கய்யா எம்பேரு அடிபடுதுன்னா. கெங்காதரன் சாரு உதட்டைத் தொறக்காம, இந்தக் குடியிருப்புக்கு நாவப்பழம் நீதானே போடுற, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருன்னாரு. அவளுக்குப் புரியலை, உரக்கச் சொல்லுங்கன்னா. அவரு வாயைத் தொறந்து உரக்கச் சொன்னாரு. அவரு வாய்க்குள்ள பாத்தா. அப்புறம் திரும்பி வரிசையா எல்லாரையும் பாத்தா.

"இந்த வருஷம் ஏதுய்யா நாவப்பழம்"னா. "பூ எடுக்குற நேரத்துல காத்தும் மழையுமா அடிச்சு அம்புட்டும் உதிர்ந்து போச்சு. மலையில ஒரு மரம் காய்க்கலை. நான் ஒரு பழம் விக்கலையே, நீங்க எல்லாம் எதைத் தின்னீக?"

போன்ல ஆறு மூஞ்சியும் அசையாம இருந்துச்சு, சிக்னல் போச்சோன்னு நெனச்சேன், போகலை. அழகம்மா மங்கையைப் பாத்து நாக்கை நீட்டுனா. நுனியிலேர்ந்து அடி வரைக்கும் ஊதா.

"எனக்கும்தான் தாயி இப்படி இருக்கு, உன் துணி சேதி எங்காதுலயும் விழுந்துச்சு. நான் பழம் தின்னு வரலை. அன்னிக்குப் படியில இந்த மயிலு, வெறுங்கையில புள்ளைய ஆட்டிக்கிட்டு நீ இறங்கி வருவியே, அதை அப்படியே உன்னைய மாதிரியே நடந்து காமிச்சா. கீழ நீ நிக்கிறதை நான் பாத்தேன். பாத்துட்டும் சிரிச்சேன். அவளும் பாத்தா, பாத்துட்டும் இன்னொரு தரம் நடந்து காமிச்சா. வேணும்னா அவளை அந்த வெத்தலையைத் துப்பிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லு, அவ நாக்கையும் பாரு."